பெயர் ஒன்று, ஆள் வேறு

ஒரு நிரல் தன் வேலையில் ஒரு பகுதியைத் தானே செய்யாமல், ஷெல்லிடம் ஒரு வரி ஆணையாகக் கொடுத்துச் செய்வித்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். ஷெல் என்பது ஆணைகளைப் படித்து இயக்கும் இடைநிலை நிரல். இயங்குதளத்தின் பதிப்பு மாறியதும் அந்த வரி ஓடாமல் நின்றுவிட்டால், பழி இயங்குதளத்தின் மீது விழுகிறது. இப்பழி பல வேளைகளில் நியாயமற்றது என்பதே நம் எண்ணம்.

2006 அக்டோபரில் வெளியான உபுண்டு 6.10-ஐ எடுத்துக்கொள்வோம். அதுவரை 'எஸ்ஹெச்' என்ற பெயருக்குப் பதில் சொன்னது பாஷ் என்னும் ஷெல். கணினி விரைந்து தொடங்கவேண்டும் என்பதற்காக அப்பதிப்பில் அந்தப் பெயர், சிறியதும் வேகமானதுமான டாஷுக்கு அளிக்கப்பட்டது. சி மொழியின் 'சிஸ்டம்' அழைப்பு லினக்ஸில் நாடுவது எஸ்ஹெச்சைத்தான். முனையத்தில் நாம் தட்டெழுதுவதைக் கேட்பதோ முன்போலவே பாஷ். ஆகவே கையால் தட்டினால் ஓடிய ஆணை, நிரல் வழியே சென்றால் ஓடவில்லை. இன்னொரு கோப்பிலுள்ள ஆணைகளை இங்கேயே இயக்குவதற்கு 'சோர்ஸ்' என்றால் பாஷுக்குப் புரியும், டாஷுக்குப் புரியாது. போசிக்ஸ் தரம் அதற்கு விதித்திருப்பது வெறும் ஒரு புள்ளி.

அன்று பலர் சினந்தனர். ஆனால் பாஷின் வழக்கில் எழுதிவிட்டு எஸ்ஹெச்சுக்கு முகவரியிட்டது யார் குற்றம்? 2014 செப்டம்பரில் 'ஷெல்ஷாக்' என்னும் ஓட்டை பாஷில் வெளிப்பட்டது. சூழல் மாறிகளில் பொதிந்து வந்த அந்நிய ஆணைகளை அது இயக்கிவிட்டது. எஸ்ஹெச் என்ற பெயர் டாஷிடம் இருந்த கணினிகளில், அப்பெயரால் மட்டும் ஷெல்லை அழைத்த நிரல்களுக்கு அந்தக் கேடு நேரவில்லை. வசைபாடப்பட்ட மாற்றமே காவலாயிற்று.

விண்டோஸிலும் இதே கதைதான். விண்டோஸ் 98-இல் ஆணை கேட்டது 'கமாண்ட்.காம்', என்.டி. வழிவந்தவற்றில் 'சிஎம்டி'. பெயரை நிரலுக்குள்ளேயே பொறித்தவர்கள் இடறினார்கள். 'காம்ஸ்பெக்' என்ற சூழல் மாறியைக் கேட்டிருந்தால் விண்டோஸே சொல்லியிருக்கும்.

கோப்பை நகர்த்தவும் அடைவைப் பட்டியலிடவும் நிரல்மொழியிலேயே வசதி இருக்கையில் ஷெல்லை எழுப்பவேண்டியதில்லை. வெளி நிரல் தேவையெனில் ஷெல்லை இடையில் நிறுத்தாமல், அதன் பெயரையும் உள்ளீடுகளையும் தனித்தனியே கொடுக்கலாம். பைத்தானில் 2004-இல் வந்த 2.4 பதிப்பிலிருந்தே 'சப்ப்ராசஸ்' இதற்கு இடம் தருகிறது. அப்போது இடைவெளியுள்ள கோப்புப்பெயர் இரண்டாகப் பிளவுபடாது. பெயருக்குள் ஒளிந்த அரைப்புள்ளி புதிய ஆணையைத் தொடங்கிவைக்காது.

ஷெல்லைத் தவிர்க்கவே முடியாதபோது, பாஷ் வேண்டுமெனில் பாஷ் என்றே அழைப்போம். எஸ்ஹெச் என்று அழைத்தால் போசிக்ஸ் தரத்துக்குள் நின்று எழுதுவோம்.