பலாலிக்கு அழைத்துச் செல்லுங்கள்

இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப் படையின் கடைசிப் பிரிவு 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கிளம்பிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. ஏறத்தாழ 1,200 பேரைப் பறிகொடுத்துத் திரும்பிய படை. ஈழத்தமிழரைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்று அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி ஒதுங்கி நின்றார். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் டெல்லி. சிப்பாயைக் கடல் தாண்டி அனுப்பியது டெல்லி. திரும்பி வந்தவனைக் கைகழுவியதும் டெல்லிதான். முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும் நீடிக்கும் இந்தப் பொறுப்பின்மையை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

வடசென்னையின் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் தெருவுக்கு ஒரு ‘மிலிட்டரிக்காரர்’ இருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு கண்டெய்னர் யார்டிலோ எண்ணெய்க் கிடங்கிலோ இரவுக் காவல் பார்த்தவர். இன்று அறுபதைத் தாண்டியவர். சாவு ஊர்வலத்தில் வெடி போட்டால் கதவைச் சாத்திக்கொண்டு வேர்த்து உட்கார்ந்திருப்பார். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய மண்ணை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவார். யாழ்ப்பாணத்துச் சாலைகளில் கண்ணிவெடிக்குப் பயந்து நடந்த கால்கள் அவை. வீட்டார் அவரைக் குடிகாரர், முன்கோபி என்பார்கள். நோய் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

வியட்நாமிலிருந்து திரும்பியவர்களின் பாடுகளைக் கண்ட அமெரிக்க மனநல மருத்துவம், 1980-லேயே போர் தரும் இந்த மனக்காயத்தைத் தனி நோயாகப் பதிவு செய்துவிட்டது. மனநலச் சிகிச்சை ஒவ்வொருவரின் உரிமை என்று நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. முன்னாள் படைவீரர்களுக்கு மருத்துவத் திட்டம் 2003 முதல் இருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கும் மருத்துவர், “ராத்திரி தூக்கம் வருகிறதா? கனவில் என்ன வருகிறது?” என்று கேட்பதில் என்ன கஷ்டம்? கேட்காவிட்டால் இவர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். சொல்லக் கூடாது என்றுதான் பழக்கப்படுத்தப்பட்டவர்கள்.

போரிட்ட மண்ணுக்கே திரும்பிச் சென்று மனம் ஆறியவர்கள் உலகெங்கும் உண்டு. இரண்டாம் உலகப் போர் வீரர்கள் பழைய களங்களைப் பார்த்துவர, பிரிட்டனில் லாட்டரி நிதியிலிருந்து செலவுக்குப் பணம் கொடுத்தார்கள். 1971 போரில் ஈடுபட்ட நம் வீரர்கள் வெற்றி நாளையொட்டி டாக்கா சென்று வருவது பல ஆண்டு வழக்கம். வென்ற போருக்கு விழா, கசந்த போருக்கு மறதி என்பது என்ன நீதி? கொழும்பு அருகே 2008-இல் எழுந்த அமைதிப் படை நினைவிடத்தில் பிரதமர் 2015-லும் 2025-லும் மலர்வளையம் வைத்தார். மாண்டவருக்கு மரியாதை சரி. மீண்டவருக்கு என்ன செய்தீர்கள்?

மீண்டவரை அவர் போரிட்ட யாழ்ப்பாணத்து மண்ணுக்கு, பலாலிக்கு அழைத்துச் செல்லுங்கள் என்கிறோம். ஆனால் இந்தப் பயணம் வெற்றி உலாவாகிவிடக் கூடாது. 1987 அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் அமைதிப் படை புகுந்தபோது மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1989 ஆகஸ்ட்டில் வல்வெட்டித்துறையில் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். டெல்லி இன்றுவரை இவற்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்லவில்லை. அரசு மறைத்த பாரத்தைத்தான் சிப்பாய் தனியாகச் சுமக்கிறான். மெட்ராஸ் ரெஜிமென்ட்டிலிருந்து போன தமிழனுக்கு அது இரட்டைச் சுமை; எதிரில் அழுதவர்களின் மொழி அவனுக்குப் புரிந்தது. பலாலியில் உள்ள அமைதிப் படை நினைவிடத்தில் தோழனின் பெயருக்கு முன் நிற்பவர், உறவுகளை இழந்த குடும்பங்கள் சம்மதித்தால் அவர்கள் முன்னும் தலைகுனிந்து நிற்கட்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைச் செய்தால் காயம் ஆறாது.

ஆகவே பாதுகாப்பு அமைச்சகமும் தமிழக முன்னாள் படைவீரர் நலத் துறையும் உடனே செய்ய வேண்டியவை இவை. அமைதிப் படையில் பணியாற்றியவர்களை வீடு வீடாகக் கணக்கெடுங்கள். வடசென்னையில் அவர்களுக்கும் மனைவி மக்களுக்கும் தமிழில் பேசும் மனநல ஆலோசகர்களை நியமியுங்கள். விரும்புகிறவர்களை மட்டும், மருத்துவப் பரிசோதனைக்குப் பின், ஆலோசகர் துணையோடு சிறு குழுக்களாக அழைத்துச் செல்லுங்கள். ஆயத்தமில்லாமல் கூட்டிப் போவது பழைய புண்ணைக் கீறிவிடும். திரும்பி வந்த பிறகும் மாதக்கணக்கில் கூட இருந்து கவனியுங்கள்.

சென்னையிலிருந்து பலாலிக்கு ஒன்றரை மணி நேர விமானப் பயணம்தான். தடையாக இருப்பது தூரமோ பணமோ அல்ல. செய்த தவறைத் திரும்பிப் பார்க்கும் துணிவு அரசுக்கு இல்லாததுதான். ஒவ்வொரு டிசம்பர் 7-லும் இவர்கள் பெயரைச் சொல்லி மக்களிடம் கொடிநாள் நிதி திரட்டுகிறீர்கள். வரும் கொடிநாளுக்குள் முதல் குழுவின் பயணத் தேதியை அறிவியுங்கள்.