மருந்தின் பிடி எவ்வளவு?

கரையாம்புத்தூர் புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் உள்ள ஊர். வயல் இருக்கிற ஊரில் எலி இருக்கும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். வைக்கோலில் கை வைக்கும் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

கண்ணாடி விரியனின் விஷத்தில் "என்சைம்" எனப்படும் நொதிகள் உண்டு. இரத்தம் உறைவதற்கு வேண்டிய சத்துக்களை அவை தீர்த்துவிடுகின்றன. பிறகு இரத்தம் நிற்காமல் கசியும்.

இதற்கு மருந்து எப்படிச் செய்கிறார்கள்? குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றுகிறார்கள். அதன் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள்கள் உண்டாகின்றன. அவற்றைப் பிரித்து எடுப்பதே விஷமுறிவு மருந்து. எதிர்ப்புப் பொருள் நொதியை உடும்புப் பிடியாகப் பிடிக்க வேண்டும். பிடி தளர்ந்தால் குப்பி குப்பியாக மருந்து ஏற்ற வேண்டிவரும். குதிரைச் சத்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதையும் மறக்கக் கூடாது.

ஒளியால் அளக்கலாம்

இந்தப் பிடியை அளக்கக் கருவி இருக்கிறது. 1990-ல் சுவீடன் நாட்டுக் கம்பெனி ஒன்று அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய தங்கப் பூச்சு. அதன் மேல் விஷ நொதியை ஒட்ட வைக்கிறார்கள். அடியிலிருந்து ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். மேலே மருந்தை ஓடவிடுகிறார்கள். எதிர்ப்புப் பொருள் நொதியைப் பற்றியதும், திரும்பி வரும் ஒளி இம்மியளவு மாறும். எத்தனை வேகமாகப் பற்றியது, எவ்வளவு நேரம் விடாமல் இருந்தது என்பதைக் கருவி கோடு போட்டுக் காட்டிவிடும்.

எந்த ஊர் விரியன்?

சட்டப்படி மருந்தைச் சுண்டெலியில் சோதிக்கிறார்கள். 1 மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்க வேண்டும். சரி, எந்த ஊர் விரியனின் விஷம்?

மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியிலிருந்து போகிறது. இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே இருக்கிறது. 1978-ல் தொடங்கிய சங்கம் அது. இருளர்கள் மேல் குறை இல்லை. உயிரைப் பணயம் வைத்து விஷம் எடுக்கிறவர்கள் அவர்கள். ஆனால் ஒரே இனப் பாம்பின் விஷமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆராய்ச்சி இதைக் காட்டியிருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு தொகுதி மருந்தையும் பல ஊர் விஷங்களோடு சேர்த்து அளக்க வேண்டும். அந்தக் கணக்கை ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்ப வேண்டும். பற்றியதனாலேயே நொதி அடங்கிவிட்டது என்று சொல்ல முடியாதுதான். சுண்டெலிச் சோதனையும் கூடவே நடக்கட்டும்.

கருவியின் விலை அதிகம். ஆனால் ஊருக்கு ஒரு கருவி யாரும் கேட்கவில்லை. அரசாங்க ஆய்வுக்கூடத்தில் ஒன்று இருந்தால் போதும். பாகூர் வயலில் பிடிபடும் விரியனின் விஷத்தில் ஒரு துளி அங்கே போய்ச் சேர வேண்டும்.