கடல்மேல் ஒரு தனிப் பந்தி

உல்லாசக் கப்பலில் சென்று வர விரும்பும் ஒருவர், பால்கனி வைத்த சாதாரண அறைக்கும் ‘சூட்’ என்று சொல்லப்படும் விஸ்தாரமான அறைத்தொகுதிக்கும் இடையே உள்ள கட்டண வித்தியாசத்தைக் கண்டு தயங்கி நிற்கும்போது, அந்தத் தயக்கத்தைப் போக்குவதற்காகப் பயண ஏஜெண்டு எடுத்துச் சொல்லும் பெருமைகளுள் முதன்மையானது, சூட்டில் தங்குகிறவர்களுக்கு மட்டுமே உரிய பிரத்தியேக உணவகம். மற்றப் பிரயாணிகள் அங்கே நுழைய முடியாது, வரிசையில் நிற்க வேண்டியதில்லை, உபசாரத்துக்கும் குறைவில்லை. நம்மவரில் பலர் இப்போது சிங்கப்பூரிலிருந்தும் ஐரோப்பியத் துறைமுகங்களிலிருந்தும் கப்பலேறுவது சகஜமாகிவிட்டபடியால், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்து ஒரு முறையாவது கடற்பிரயாணம் செய்துவிட வேண்டும் என்று ஆசைப்படும் தம்பதிகளும் இந்தக் கேள்வியை எதிர்கொள்கிறார்கள். ஆகாரத்தின் ருசிக்காக அவ்வளவு பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். அமைதிக்காகச் சிலர் கொடுப்பதில் நியாயம் உண்டு. எனினும், அந்த அமைதி எங்கிருந்து எடுத்து வரப்பட்டது என்று யோசிக்கும்போது மனம் சமாதானமடைவதில்லை.

கப்பலில் தனி உணவகம் என்ற ஏற்பாடு புதியதன்று. 1905-ஆம் ஆண்டில் ஹாம்பர்க்-அமெரிக்கா கம்பெனியார் தங்களுடைய ‘அமெரிக்கா’ என்னும் கப்பலில், ஹோட்டல் தொழிலில் உலகப் பிரசித்தி பெற்ற சீஸர் ரிட்ஸின் பெயரைத் தாங்கிய உணவகம் ஒன்றைத் திறந்து, வேண்டிய பதார்த்தத்தை வேண்டிய வேளையில் விலை கொடுத்து உண்ணும் வழக்கத்தைக் கடலுக்குக் கொண்டுவந்தார்கள். 1912-இல் புறப்பட்ட டைட்டானிக்கிலும் அத்தகைய உணவகம் இருந்தது. லூயிஜி காட்டி என்ற இத்தாலியர் அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். முதல் வகுப்புப் பிரயாணி எவரும், அவர் தங்கியிருக்கும் அறை பெரிதாயினும் சிறிதாயினும், பணம் கொடுத்து அங்கே சாப்பிடலாம். பொதுப் போஜனசாலைக்கு வருவதில்லை என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்களுக்குப் பிரயாணக் கட்டணத்தில் ஒரு பகுதி குறைக்கவும் பட்டது. (கப்பல் மூழ்கிய இரவில் காட்டியும் அவரிடம் வேலை பார்த்த ஊழியர்களில் மிகப் பெரும்பாலோரும் இறந்துபோனார்கள் என்பதை, அந்த உணவகத்தின் அலங்காரத்தை வர்ணிப்பவர்கள் எப்போதும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.) 1936-இல் முதற்பயணம் புறப்பட்ட ‘குயீன் மேரி’யின் வராந்தா கிரில்லும் தனிக் கட்டணம் வாங்கிய இடந்தான். ஆகவே பழைய முறையில் ஒரு நேர்மை இருந்தது: சாப்பாடு வேறு, படுக்கை வேறு, விரும்பியவர் விரும்பிய அன்றைக்கு அதற்குரிய விலையைக் கொடுத்தார்.

உணவகத்தை அறையோடு முடிச்சுப் போடும் வழக்கத்துக்கு நல்ல உதாரணம் கூனார்டு கம்பெனி. 1972-இல் ‘குயீன் எலிசபெத் 2’ கப்பலில் உயர்ந்த அறைக்காரர்களுக்கென்று குயீன்ஸ் கிரில் ஏற்பட்டது. அந்தக் காலத்தில்தான் மற்ற உல்லாசக் கப்பல்கள், வகுப்பு வேற்றுமைகளையெல்லாம் களைந்து, யாராயினும் ஒரே போஜனசாலையில் உண்ணலாம் என்ற புதிய சம்பிரதாயத்தை வளர்த்துக்கொண்டிருந்தன. அந்தச் சம்பிரதாயம் ஒரு தலைமுறைக் காலம் நன்றாகவே நிலைத்தது. பிறகு 2008-இல் எம்.எஸ்.சி. கம்பெனியின் ‘ஃபான்டாசியா’வில் யாட் கிளப், 2014-இல் ராயல் கரீபியனின் ‘குவாண்டம்’ கப்பலில் கோஸ்டல் கிச்சன், 2015-இல் செலிபிரிட்டியில் லூமினே என்று, கதவுக்கு வெளியே அடையாள அட்டையைக் காட்டி நுழையும் சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன.

இந்தச் சாலைகளின் உண்மையான சிறப்பு இராச் சாப்பாட்டில் இல்லை; காலை உணவில் இருக்கிறது. கரையே தட்டாமல் கடலிலேயே கழியும் ஒரு நாளில், காலை ஒன்பது மணிக்கு, கப்பலின் மேல்தளத்தில் உள்ள பஃபே கூடத்துக்குச் சென்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஆம்லெட் போடுகிற இடத்தில் பத்துப் பதினைந்து பேர் தட்டை ஏந்தி நிற்பார்கள். ஒரு கையில் தட்டும் மறு கையில் காப்பிக் கோப்பையுமாக ஒருவர், யாராவது எழுந்திருக்கமாட்டார்களா என்று மேஜை மேஜையாகப் பார்த்துக்கொண்டே நடப்பார். அவருடைய மனைவி ரொட்டி எடுக்கப் போனவர், திரும்பி வருவதற்குள் கணவர் எந்தப் பக்கம் போனார் என்று தெரியாமல் தேடுவார். இருவருக்கும் இடம் கிடைக்கும்போது ஆம்லெட் ஆறியிருக்கும். அதே வேளையில் சூட்காரர்களின் சாலையில், முதல் நாளே பெயரைத் தெரிந்துகொண்ட பரிசாரகர், சர்க்கரை போடாத தேநீர் வேண்டும் என்று மறுமுறை சொல்லும் அவசியம் வைக்காமல், அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஜன்னலோரத்து மேஜையில் எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்கார விட்டுவிடுகிறார். முட்டை அதே முட்டைதான், ரொட்டியும் அதே ரொட்டிதான். அவசரம் ஒன்றுதான் அங்கே இல்லை. 2024-இல் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ போன்ற கப்பல், ஓர் அறைக்கு இருவர் என்று கணக்கிட்டாலே 5,600-க்கு மேற்பட்ட பிரயாணிகளை ஏற்றுகிறது. அவ்வளவு பெரிய ஜனத்திரளின் நடுவே அவசரமில்லாமல் அமர்ந்து சாப்பிடும் ஒரு மணி நேரத்தை அற்பமான விஷயம் என்று ஒதுக்க என்னால் முடியாது.

முழங்கால் வலியுள்ள முதியவர், இரைச்சலில் எதிரே இருப்பவர் பேசுவது கேட்காமல் சிரமப்படுகிறவர், நோயிலிருந்து இப்போதுதான் எழுந்து கடற்காற்றை நாடிப் போகிறவர், கைக்குழந்தையோடு செல்லும் தாய் ஆகியோருக்கு இந்தச் சௌகரியம் கொடுத்த விலைக்குத் தகுந்ததே. சவுத்தாம்டனிலிருந்து நியூயார்க்குக்கு ‘குயீன் மேரி 2’ அட்லாண்டிக்கைக் கடக்கும்போது, வழக்கமாக ஏழு இரவுகள் இடையில் எந்தத் துறைமுகமும் இல்லை. உண்ணும் ஒவ்வொரு வேளையும் கப்பலிலேயே உண்ண வேண்டும். அத்தகைய பிரயாணத்தில் தனி உணவகத்தின் பயன் நாளுக்கு மும்முறை அநுபவத்துக்கு வருகிறது.

ஆனால் நம்மவர் பெரும்பாலும் மேற்கொள்ளும் பிரயாணம் அப்படிப்பட்டதன்று. சிங்கப்பூரில் ஏறி, மூன்று நான்கு இரவுகளில் பினாங்கையும் புக்கெட்டையும் பார்த்துவிட்டுத் திரும்புவதே வழக்கம். கப்பல் பினாங்கின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும் பகற்பொழுதில், நடந்து போகும் தொலைவிலேயே ஜார்ஜ் டவுனின் தெருக்கள் இருக்கின்றன. தமிழ் முஸ்லிம்கள் கடல் கடந்து சென்று, காவடியில் சோறும் குழம்பும் சுமந்து விற்று, அந்த ஊருக்கே உரிய உணவாக்கிவிட்ட நாசி கந்தார் அங்கே கிடைக்கிறது. லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடும் கிடைக்கிறது. ஒரு குழம்பின் மேல் இன்னொரு குழம்பை ஊற்றிச் சோறு முழுவதும் நனையப் பரிமாறும் அந்தக் கடைகளை விட்டுவிட்டு, பணம் கொடுத்திருக்கிறோமே என்ற ஒரே காரணத்துக்காகக் கப்பலுக்குத் திரும்பி வந்து சலாடும் வாட்டிய மீனும் உண்பது என்ன பிரயோஜனம்? இத்தகைய குறுகிய பிரயாணத்தில் கரையில் கழியும் பகல்களைக் கழித்துப் பார்த்தால், தனி உணவகத்தில் உண்ணக்கூடிய வேளைகள் விரல்விட்டு எண்ணுமளவே தேறும்.

பணக் கணக்கைப் பார்த்தாலும் இதே முடிவுதான். பெரிய கப்பல்களில் சூட்டின் கட்டணம், பால்கனி அறைக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்காகவோ அதற்கு மேலாகவோ இருப்பது சாதாரணம். அந்த உபரித் தொகையில் விசாலமான இடமும், முதலில் கப்பலேறும் உரிமையும் அடங்கியிருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. அவற்றை விரும்புகிறவர் அவற்றுக்காகவே கொடுக்கட்டும். உணவு மட்டுமே நோக்கமானால், ஒரு வேளைக்கு நபருக்குச் சுமார் 40 முதல் 70 டாலர் வரை வாங்கும் கட்டண உணவகங்கள் அதே கப்பலில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. பால்கனி அறையில் தங்கிக்கொண்டு இரண்டொரு மாலை அங்கே சென்று விருந்துண்டு வந்தாலும், மிச்சமாகும் தொகை கணிசமானதாகவே இருக்கும்.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனி உணவகத்தின் பட்டியல் சிறியது; மத்தியதரைக்கடல் நாடுகளின் பாணியையோ பிரெஞ்சுப் பாணியையோ தழுவியது. பெரிய போஜனசாலையின் சமையற்கட்டிலோ இந்தியச் சமையற்காரர்கள் பல கப்பல்களில் இருக்கிறார்கள். தலைமைப் பரிசாரகரிடம் முதல் நாள் இரவே சொல்லிவைத்தால், மறுநாள் பருப்பும் காய்கறிக் கூட்டும் சப்பாத்தியும் மேஜைக்கு வந்துவிடும். இந்தச் சலுகைக்கு அறையின் தராதரம் பார்ப்பதில்லை. ஒருநாள் இரவு பக்கத்து மேஜையில் அமர்ந்திருந்த மதுரைக்கார அம்மாள் ஒருவர், தட்டில் வந்த சாம்பாரை ஒரு வாய் உண்டு பார்த்து, சமைத்தவரைக் கூப்பிட்டுவிட்டுப் பெருங்காயம் போதவில்லை என்று மெதுவாகச் சொன்னார், மறுநாள் போதியிருந்தது. சிறந்த உபசாரம் என்பது இதுதான்; இது நடந்தது பொதுச் சாலையில்.

பொதுச் சாலை அழகில் குறைந்தது என்று நினைப்பதும் தவறு. ‘குயீன் மேரி 2’ கப்பலின் மிகக் கம்பீரமான இடம் எது என்று என்னைக் கேட்டால், சூட்காரர்களின் கிரில் அறைகளைச் சொல்லமாட்டேன். கப்பலின் முழு அகலத்துக்கும் பரந்து, ஏறத்தாழ மூன்று தளங்களின் உயரத்துக்கு எழும்பி, சுமார் 1,300 பேர் அமரும்படி அமைந்த பிரிட்டானியா போஜனசாலையைத்தான் சொல்வேன். பார்பரா புரூக்மன் என்ற டச்சுக் கலைஞர் நெய்த பிரம்மாண்டமான சித்திரத்திரை அங்கே தொங்குகிறது. நியூயார்க் நகரத்தையும் பாலத்தையும் பின்னணியாகக் கொண்டு பெரிய கப்பல் ஒன்று வரும் அந்தக் காட்சிக்குக் கீழே, வளைந்த படிகளில் இறங்கி வந்து, அறிமுகமில்லாத ஆறு பேரோடு ஒரே மேஜையில் உட்காரும்போது, ஓய்வுபெற்ற தபால்காரரும் அறுவைச் சிகிச்சை நிபுணரும் உப்புக் கிண்ணத்தை ஒருவருக்கொருவர் நகர்த்திக் கொடுக்கிறார்கள். சூட்காரர் இருவர் மட்டும் அமரும் தனி மேஜையில் இந்தச் சம்பாஷணையை இழந்துவிடுகிறார். அதற்கு அவர் அதிகப் பணமும் கொடுத்திருக்கிறார்.

எனக்கு உண்மையான மனக்குறை வேறு. தனி உணவகங்கள் பெருகிய இதே காலத்தில் பொதுப் போஜனசாலை தேய்ந்து வருகிறது. பல கப்பல்களில் மதிய உணவு கடலில் கழியும் நாட்களுக்கு மட்டும் என்று குறுகிவிட்டது. உயர்ந்த பதார்த்தங்கள் சிலவற்றுக்கு அந்தச் சாலையிலேயே தனிக் கட்டணம் கேட்கிறார்கள். இரண்டாம் பந்திக்காரர்கள் கதவுக்கு வெளியே காத்திருப்பதால், முதற்பந்திக்காரர்கள் கடைசிக் கவளத்தை விழுங்குவதற்குள் மேஜையைத் துடைக்க வேண்டியிருக்கிறது. பரிசாரகரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு அவர்களுக்கு வேண்டும் என்று விதித்திருக்கிறது. வேலை நேரத்துக்கு இப்படி வரம்பு இருக்கையில், மேஜைகளைக் கூட்டிக்கொண்டே போய் ஆட்களைக் கூட்டாவிட்டால் உபசாரம் எப்படித் தழைக்கும்? பொதுப் பந்தியில் நெருக்கடி மிகுந்தால் தனிப் பந்தியின் கவர்ச்சி மிகும். இரண்டும் ஒரே முதலாளியின் கையில் இருப்பதால், பொதுப் பந்தியைச் சீர்ப்படுத்துவதற்கு வேண்டிய ஊக்கம் அவருக்குக் குறைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். அதிகம் கொடுத்தவருக்கு அதிகமாகப் பரிமாறுவதை நான் பந்தி வஞ்சனை என்று சொல்லமாட்டேன். எல்லோருக்கும் போட வேண்டியதைக் குறைத்து, அந்தக் குறையையே காட்டி மற்றதை விற்பார்களானால், அதற்கு வேறு பெயர் கிடையாது.

வேறு வழி இல்லாமலும் இல்லை. 2015-இல் ‘வைக்கிங் ஸ்டார்’ என்ற கப்பலைச் சுமார் 930 பிரயாணிகளுக்கென்று கட்டிய வைக்கிங் கம்பெனியார், எந்த அறையில் தங்கினாலும் எல்லா உணவகங்களும் எல்லோருக்கும், அதுவும் தனிக் கட்டணமின்றி, என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அவர்களுடைய கட்டணம் உயர்ந்ததுதான், கப்பலும் சிறியது. ஐயாயிரம் பேர் செல்லும் கப்பலில் அதை அப்படியே பின்பற்ற இயலாது என்பது தெரிந்ததே. ஆனால் 1912-இல் சாத்தியமாக இருந்தது இன்று ஏன் சாத்தியமாகாது? சூட்காரர்களின் உணவகத்தில் காலை வேளைகளில் காலியாகக் கிடக்கும் மேஜைகளை, சிறிய அறைகளில் தங்கியிருக்கும் முதியவர்களுக்கும் தேக அசௌகரியம் உள்ளவர்களுக்கும், அன்றன்றைக்கு ஒரு நியாயமான கட்டணம் வாங்கிக்கொண்டு திறந்துவிடலாம். ஏஜெண்டிடம் முன்பணம் கட்டப் போகிறவர்கள், அறையின் சதுர அடியை விசாரிப்பதோடு நிறுத்திவிடாமல், பொதுப் போஜனசாலையில் மதிய உணவு எத்தனை நாள் உண்டு, துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் தனி உணவகம் பகலில் திறந்திருக்குமா, முதியவர்களுக்குக் காலையில் அங்கே இடம் கிடைக்குமா என்பவற்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன்பிறகு எந்தக் கப்பல் என்று தீர்மானிக்கட்டும்.