ஒரே ஆலயமும் ஒரு பென்சிலும்

அன்புக்குரிய பங்கு மக்களே,

நம் கோடைப் பயணத்தில் நான்கு ஆலயங்களுக்குப் பதிலாக ஒன்றே போதும், அங்கே இரண்டு மணி நேரம் அமர்ந்து வரைவோம் என்று நான் அறிவித்தது பலருக்கு மனவருத்தம் தந்துள்ளது. "பேருந்துக் கட்டணம் அதேதானே, சுவாமி?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

சென்ற இலையுதிர் காலத்தில் நாட்டிங்காம்சயரிலுள்ள சவுத்வெல் பேராலயத்திற்குத் தனியே சென்றிருந்தேன். கத்தோலிக்கர் எழுப்பியது, இன்று ஆங்கிலிக்கன் திருச்சபையின் பேராலயம். குருக்கள் கூடி ஆலோசிப்பதற்காக 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட எண்கோண மண்டபம் ஒன்று அங்கே உண்டு. அதன் கல் விதானத்தைத் தாங்க நடுவில் தூண் கிடையாது. சுவரோரத் தூண்களின் தலைப்பகுதிகளிலோ ஓக், மேப்பிள், ஐவி, ஹாதார்ன், திராட்சை என இலைகள் கல்லில் தழைத்திருக்கின்றன. கலை வரலாற்றறிஞர் நிக்கோலஸ் பெவ்ஸ்னர் அந்த இலைகளுக்காகவே 1945இல் ஒரு நூல் வெளியிட்டார்.

வழக்கம்போல் கைபேசியில் முப்பது படங்கள் எடுத்தேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. பிறகுதான் குறிப்பேட்டைத் திறந்தேன். ஓக் இலையின் விளிம்பு வளைந்து வளைந்து செல்வதையும், ஹாதார்ன் இலை ஆழமாகப் பிளந்து நுனியில் பல்பல்லாய் முடிவதையும் என் விரல் வரைந்தபோதே கண் கண்டது. படங்களில் இரண்டும் எனக்கு வெறும் 'இலை'யாகவே இருந்தன. இலைகளுக்குப் பின்னாலும் சிற்பி கல்லைக் குடைந்திருக்கிறார். நிழலைத் தீட்ட முயன்றபோதுதான் அது புலப்பட்டது. வெளியே வந்து ஒரு வேலியோரத்தில் உயிருள்ள ஹாதார்னையும் வரைந்தேன். (அதைப் பார்த்த மறைக்கல்விச் சிறுமி, "கோழிக்காலா, பாதர்?" என்றாள்.)

என் ஊர்க் கோவில் முற்றத்தில் ஒரு பூவரசு நின்றது. போரில் கோவிலோடு அதுவும் போயிற்று. அதன்முன் நின்று எடுத்த குழுப்படம் ஒன்று என்னிடம் உள்ளது. அதில் நாங்கள் எல்லோரும் தெரிகிறோம், மரம் தெரியவில்லை. அதன் கிளை எங்கே பிரிந்தது என்று இன்று கேட்டால் என்னால் சொல்ல இயலாது. நூறு முறை அதன் நிழலில் படுத்திருந்தவன் நான்.

புகைப்படம் எடுப்பது பாவமன்று, எடுங்கள். ஆனால் படம் எடுத்துவிட்டோம் என்பதாலேயே பார்த்துவிட்டோம் என்று எண்ணி அடுத்த ஊருக்கு ஓடுகிறோமே, அதைத்தான் இவ்வாண்டு தவிர்க்க விரும்புகிறேன். நாம் செல்லும் அந்த ஒரே இடம் சவுத்வெல்.

பென்சிலும் தாளும் நான் தருவேன். முதியோருக்கு மடக்கு நாற்காலிகளும் உண்டு. வரையத் தெரியாது என்று தயங்குவோர் முதலில் என் குறிப்பேட்டைப் பாருங்கள், துணிவு வந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை