முள்ளுக்கு முடிவு கட்டாதீர்கள்!

பழைய பைக்கில் பெட்ரோல் முள் அசையவில்லை என்று கொண்டுபோங்கள். டேங்க்கைக் கழற்றிக்கூடப் பார்க்காமல், 'யூனிட் போச்சு சார், புதுசு போட்டுடலாம்' என்பார்கள். எப்படித் தெரியும்? ஞான திருஷ்டியா?

உள்ளே பிரம்ம ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு மிதவை, அதைத் தாங்கும் கம்பி, ஒரு மின்தடைச் சுருள். பெட்ரோல் குறைந்தால் மிதவை இறங்கும், கம்பி முனை சுருள்மேல் நகரும், தடை மாறும், முள் ஆடும். அவ்வளவுதான்! மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து மிதவையை மெதுவாகத் தூக்கினால் எண் சீராக மாற வேண்டும். நடுவில் குதித்தால் அழுக்கோ தேய்மானமோ. மிதவையை ஆட்டும்போது 'களக் களக்' என்றால் ஓட்டை வழியே பெட்ரோல் புகுந்திருக்கிறது. சில சமயம் குற்றவாளி வெளியிலேயே இருப்பார்: துருப்பிடித்த எர்த் ஒயர். சுருள் அறுந்திருந்தால் புதுசு வாங்குங்கள், நியாயம்.

'இதுக்கு மெனக்கெட்டா கூலி கட்டுமா சார்?' என்று மெக்கானிக் கேட்பதும் நியாயம்தான். பார்ட்ஸுக்குச் சொன்ன விலையைக் கொடுக்கிற நாம், ரிப்பேர் கூலிக்கு மட்டும் பேரம் பேசுகிறோமே! 2022-ல் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்காகக் கமிட்டி போட்டது. சந்தோஷம். அதுவரை, 'கழட்டிக் காட்டுங்க, கூலி தர்றேன்' என்று கேளுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.