விடுமுறை முகாம்களில் நம் பிள்ளைகள் சாப்பிடுவது என்ன?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கெடாவில் முகாம்களுக்குப் பஞ்சமில்லை. சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங், பாடாங் செராய் என எங்கு பார்த்தாலும் ஆலய மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளி வளாகத்திலோ சமய முகாம், தன்முனைப்பு முகாம், தலைமைத்துவ முகாம் என்று ஏதாவது ஒன்று நடக்கிறது. இரண்டு இரவு, மூன்று நாள் தங்கிப் பிள்ளைகள் தேவாரம் படிக்கிறார்கள், யோகா செய்கிறார்கள், மேடையேறிப் பேசப் பழகுகிறார்கள். ஏற்பாட்டாளர்களின் உழைப்பைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், முகாமின் நிகழ்ச்சி நிரலை ஒரு மாதத்திற்கு முன்பே திட்டமிடும் நாம், சாப்பாட்டைப் பற்றி எப்போது யோசிக்கிறோம்? பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான்.

வழக்கமான பட்டியல் நமக்குத் தெரிந்ததுதான். காலையில் பிரட்டிய மீகூன், மைலோ. மதியம் சோறு, கோழிக் குழம்பு, ஓரமாகக் கொஞ்சம் கோபிஸ். மாலையில் பிஸ்கட், ரோஸ் சிராப். இரவில் மறுபடியும் மீ அல்லது பொரித்த சோறு. படுக்கும் முன் இனிப்பான ஒரு பானம். பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள், மலிவாகவும் முடிகிறது என்பது ஏற்பாட்டாளர்களின் பதில். அந்தப் பதிலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் இந்தப் பட்டியலில் மாவுச்சத்தும் சீனியும்தான் நிறைந்திருக்கின்றன. காய்கறி பெயருக்கு இருக்கிறது. பழம் இல்லவே இல்லை.

மூன்று நாள்தானே என்று சிலர் கேட்கலாம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார, நோய்ப்பாதிப்பு ஆய்வின்படி, நாட்டில் 5 முதல் 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். அதே ஆய்வில் பெரியவர்களிடையே நீரிழிவு நோய் 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே மட்டும் 31.4 விழுக்காடு. நாட்டின் எந்த இனத்தைவிடவும் இது அதிகம். மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு உள்ள சமூகத்தின் பிள்ளைகளுக்கு நாமே வேளைக்கு ஒரு குவளை சிராப் ஊற்றிக் கொடுக்கிறோம். பள்ளி வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள், அதாவது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டிக்குள் இருப்பது நல்லது. முகாமில் காலை, மாலை, இரவு என மூன்று குவளை இனிப்புப் பானம் குடித்தால் அந்த அளவு எளிதாகத் தாண்டிவிடும்.

சத்து ஒரு பக்கம் என்றால் பாதுகாப்பு மறுபக்கம். இதில் கெடாவுக்குக் கசப்பான அனுபவம் உண்டு. 2013இல் நம் மாநிலத்தில் ஒரு திருமண விருந்தில் பரிமாறப்பட்ட ஆயாம் மாசாக் மேரா சாப்பிட்டு நால்வர் இறந்தனர். 2018 அக்டோபரில் பாலிங், கூப்பாங்கில் லக்சா சாப்பிட்டவர்களில் இருவர் உயிரிழந்தனர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சல்மோனெல்லா கிருமியே அதற்குக் காரணம். 2024 ஜூனில் சிலாங்கூர் கோம்பாக்கில் பள்ளி நிகழ்ச்சி ஒன்றில் வழங்கிய உணவால் எண்பதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஒரு குழந்தையும் 17 வயது மாணவர் ஒருவரும் மாண்டனர். விருந்தானாலும் பள்ளி நிகழ்ச்சியானாலும் சமைத்தவர்கள் யாரும் தீங்கு நினைத்துச் சமைப்பதில்லை. ஆனால், நம் முகாம்களில் விடியற்காலை மூன்று மணிக்குச் சமைத்த கோழியைப் பகல் ஒரு மணிக்குப் பரிமாறும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கிருமிக்கு அந்தப் பத்து மணி நேரம் போதும். சமைத்த உணவை நான்கு மணி நேரத்திற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று சுகாதார அமைச்சு சொல்வது இதற்காகத்தான்.

நல்ல சாப்பாட்டுக்குக் காசு வேண்டுமே என்பது அடுத்த கேள்வி. பள்ளிகளில் வசதி குறைந்த பிள்ளைகளுக்கு வழங்கப்படும் ஆர்.எம்.டி. எனும் துணை உணவுத் திட்டத்தில், தீபகற்பத்தில் ஒரு பிள்ளைக்கான தொகை 2022இல் 2 வெள்ளி 50 காசிலிருந்து 3 வெள்ளி 50 காசாக உயர்த்தப்பட்டது. அதையே அளவுகோலாகக் கொள்வோம். வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு மதியம் முடியும் முகாமில் ஆறு முக்கிய வேளைகள். ஒரு பிள்ளைக்கு 21 வெள்ளி. அறுபது பிள்ளைகளுக்கு 1,260 வெள்ளி. பல முகாம்களில் சமைப்பவர்கள் நம் அம்மாக்களும் அக்காக்களும்தான், கூலி வாங்குவதில்லை. அந்தத் தொகை பெரும்பாலும் பொருளுக்கே போகும். பதாகைக்கும் டி-சட்டைக்கும் ஆகும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

என்ன சமைக்கலாம்? தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைப் பாருங்கள். ஒரு நாள் உப்புமா, மறுநாள் கிச்சடி, அடுத்து பொங்கல் என நாளுக்கொன்றாக மாறும்; கூடவே காய்கறி சாம்பார். அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்றாடம் இதைச் சமைத்துப் போட முடிகிறது என்றால், அறுபது பிள்ளைகளுக்கு மூன்று நாள் நம்மால் முடியாதா?

நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதை வைத்தே பட்டியல் போடலாம். காலையில் இட்லி சாம்பார், மறுநாள் பச்சைப்பயறுக் கஞ்சி, அவித்த முட்டை. மதியம் சோறு, பருப்பு, கீரைப் பிரட்டல், கெம்போங் மீன். சைவப் பிள்ளைகளுக்குத் தவ்வு அல்லது டெம்பே. மாலையில் அவித்த கடலை, ஒரு வாழைப்பழம் அல்லது பப்பாளித் துண்டு. இரவில் காய்கறி போட்ட சூப்பும் சப்பாத்தியும். மீகூனை ஒழிக்கச் சொல்லவில்லை. ஒரு வேளை இருக்கட்டும், அதிலும் பாதிக்குப் பாதி காய்கறி சேரட்டும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ, பாதி காய்கறி, பழம். சுகாதார அமைச்சின் 'சூக்கு சூக்கு செப்பாரோ' இதுதான். சிராப்புக்குப் பதில் ஆற வைத்த வெந்நீர்.

பிள்ளைகள் கீரையைத் தொட மாட்டார்கள் என்ற கவலை எல்லோருக்கும் உண்டு. ஆனால், தோட்டத்தில் வளர்ந்த நம் தலைமுறை வேலியோர முருங்கையைப் பறித்துச் சாப்பிட்டு வளர்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்தபின், தாயும் தந்தையும் ஷிப்டு வேலைக்குப் போகும் வீட்டில் பல வேளை கடைச் சாப்பாடுதான். பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் கிடைக்காத வாய்ப்பு முகாமில் கிடைக்கிறது: பக்கத்தில் அமர்ந்த நண்பன் சாப்பிட்டால் இவனும் சாப்பிடுவான். குழுக் குழுவாகப் பிள்ளைகளையே கீரை ஆயவும் பழம் நறுக்கவும் விட்டால், தாங்கள் செய்ததை அவர்கள் வீணாக்க மாட்டார்கள்.

ஏற்பாட்டாளர்கள் சிலவற்றைக் கட்டாயமாக்கலாம். பதிவுப் பாரத்தில் ஒவ்வாமை, ஆஸ்துமா, ஜி6பிடி குறைபாடு, சைவமா அசைவமா என்று கேளுங்கள். சமைப்பவர்கள் 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் பெற்றவர்களா என்று பாருங்கள். மாவட்டச் சுகாதார அலுவலகத்திடம் முன்கூட்டியே ஆலோசனை கேளுங்கள். சமைத்த நேரத்தைப் பாத்திரத்தின் மேல் ஒட்டி, நான்கு மணி நேரம் கடந்ததை, மனம் வராவிட்டாலும், கொட்டிவிடுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முகாமுக்குப் பிள்ளையைப் பதியும்போது கட்டணம் எவ்வளவு, சான்றிதழ் உண்டா என்று கேட்கிறோம். இந்த விடுமுறையில் இன்னொன்றும் கேளுங்கள்: "ஐயா, பிள்ளைங்களுக்கு மூணு நாளும் என்ன சாப்பாடு? யார் சமைக்கிறாங்க?" நாலு பெற்றோர் கேட்டால் போதும், அடுத்த முகாமின் உணவுப் பட்டியல் தானாக மாறும்.