காது மந்தமா? நெஞ்சையும் கவனி!

ஜெகதாப்பட்டினம் கரையில் நின்று பாருங்கள், தோழர்களே! இரவெல்லாம் பாக் நீரிணையில் வலையிழுத்துத் திரும்பும் தொழிலாளரிலே, ஒன்றைச் சொன்னால் "என்ன?" என்று இருமுறை கேட்பவர் உண்டு. "கடலுக்குப் போகிறவனுக்குக் காது மந்தம் சகஜம்" என்று சிரித்துவிடுகிறோம். இருட்டிலே எதிர்வரும் படகின் ஓசை கேளாவிட்டால் உயிரன்றோ போகும்! சிரிக்கத்தக்க சேதியா இது?

விசைப்படகு இயந்திரத்தின் இரைச்சல் காதைக் கெடுக்கும், மறுப்பாரில்லை. உட்காதின் நுண்ணிய உணர்வணுக்கள் செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் இரைச்சல் மட்டுமே குற்றவாளியா? இல்லை. கூட்டாளி ஒருவன் இரத்தக் குழாயிலும் ஒளிந்திருக்கக்கூடும்!

உட்காதுக்கு இரத்தம் கொண்டு செல்வது ஒரே ஒரு மெல்லிய குழாய். மாற்று வழி கிடையாது. ஒற்றை வாய்க்காலை நம்பிய வயல் அது. வாய்க்கால் தூர்ந்தால் பயிர் கருகும். இரத்தக் கொதிப்பும், சர்க்கரை நோயும், பீடிப் புகையும் அந்த வாய்க்காலைத் தூர்க்கும் பகைவர்கள்.

வெறும் யூகமல்ல இது. அமெரிக்காவின் ஃபிராமிங்காம் நகரில் 1948-ல் தொடங்கிய இதய ஆய்வு, இதய நோய்க்கும் முதியோரின் செவிக் குறைவுக்கும் தொடர்பு உண்டென்று 1993-ல் எடுத்துக் காட்டியது. புகைப்போரிடம் செவிக் குறைவு மிகுதி என்று அந்நாட்டின் பீவர் டேம் ஆய்வு 1998-ல் கூறியது. காது மந்தமானவரெல்லாம் இதய நோயாளி என்பதல்ல பொருள். காது மந்தமானால் கொதிப்பையும் சோதித்துக்கொள் என்பதே பொருள்.

இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையை, அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் வரிசையில் சேர்த்தது தொழிற்சாலைச் சட்டம். ஆலைத் தொழிலாளியின் காது காது. கடலிலே இயந்திரத்தருகே நிற்பவன் காது காதில்லையா?

இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் வீடு தேடி வந்து பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது. கொதிப்பைப் பார்க்க வரும் கை, காதையும் பார்க்கட்டும்! ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம்; விசைப்படகுகள் கரையிலே நிற்கும். அந்நாட்களில் கரையிலேயே முகாம் நடத்தச் சங்கங்கள் கேட்கட்டும்!

நம் கடமையும் உண்டு. பீடியை விடுவோம். இயந்திரத்தருகே காதடைப்பான் அணிவோம். ஒரு காது திடீரெனக் கேளாமற் போனால், எண்ணெய் ஊற்றிக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு ஓடுவோம். நாள் கடந்தால் மருந்து பயனற்றுப் போகலாம்.

காது முறையிடுகிறது. அது நெஞ்சின் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். கேட்கும் திறன் உள்ளபோதே கேளுங்கள், தோழர்களே!